காணும் பொங்கலன்று கண்ட சனி



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் மட்டும் படியுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் உபயோகமான சில விஷயங்கள் இதில் இருக்கின்றன. 1995-ஆம் ஆண்டு என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களிடம் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1995 ஜூன் மாதம். பள்ளி திறந்து இரண்டாவது வாரம். கரும்பலகையில் சூரியக் குடும்பம் வரைந்துகொண்டிருந்தேன். சனிக்கு வந்ததும் வழக்கம்போல் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றித் தொப்பி விளிம்பு மாதிரி அகலமாக ஒரு வளையம் போட்டேன். என் சனிப் படம் எப்போதுமே நன்றாக வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்றாவது பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "சார், நீங்க இத நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்லடா" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போது எனக்கு 34 வயது. வகுப்பில் ஐம்பது சொச்சம் பிள்ளைகள் என் முகத்தையே பார்க்கிறார்கள். முந்தின மாதம்தான் குடும்பத்தோடு கொடைக்கானல் போய் வந்திருந்தேன். ஏரியில் படகு விட்டோம், பேரிக்காய் வாங்கினோம், மழையில் நனைந்தோம். அவ்வளவுதான். வானாய்வகம் இருக்கும் பக்கமே போகவில்லை. ஆனால் வாயில் வந்தது இது:

"பாத்திருக்கேன்டா. போன மாசம் லீவுல, கொடைக்கானல் அப்சர்வேட்டரியில."

"எப்படி சார் இருந்துச்சு?"

"இதோ, இந்தப் படத்துல இருக்க மாதிரியேதான். தொப்பி விளிம்பு மாதிரி, அகலமா."

அவன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்தான். மணி அடித்தது. நான் 2019-இல் ஓய்வுபெறும்வரை இந்தப் பொய்யை யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

*

இனி தொலைநோக்கிக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "முப்பத்து மூணு வருஷம் போர்டுலயே வானத்த பாத்தீங்க. இனிமே நெஜத்த பாருங்கப்பா" என்றாள்.

127 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட மக்சுதோவ் வகைத் தொலைநோக்கி. அதாவது சுமார் ஐந்து அங்குலம். முன்னால் ஒரு தடித்த வளைந்த கண்ணாடி வில்லை, பின்னால் ஒரு குழியாடி. ஒளி உள்ளேயே மடங்கி வருவதால் குழல் குட்டையாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது. குவியத்தூரம் 1500 மில்லிமீட்டர். கூடவே 25 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என இரண்டு கண்ணருகு வில்லைகள். வகுப்பில் நாம் போட்ட அதே கணக்குதான்: 1500-ஐ 25-ஆல் வகுத்தால் 60 மடங்கு, 10-ஆல் வகுத்தால் 150 மடங்கு உருப்பெருக்கம்.

குழலைத் தாங்கும் தாங்கியில் இரண்டு மோட்டார்கள் உண்டு. ஒன்று இடம் வலமாகத் திருப்பும், இன்னொன்று மேல் கீழாக. ஒயரில் கால்குலேட்டர் மாதிரி ஒரு கைக்கருவி தொங்கும். அதில் ஆயிரக்கணக்கான வான் பொருள்களின் இருப்பிடம் பதிவாகி இருக்கிறது. ‘சனி’ என்று அழுத்தினால் அதுவே திரும்பிச் சனியைக் காட்டும்.

இப்படித்தான் நானும் நினைத்தேன்.

மகள் ஜனவரி 4-ஆம் தேதி ஊருக்குக் கிளம்பிவிட்டாள். வீடு வெறிச்சென்று இருந்தது. 7-ஆம் தேதி புதன்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் முக்காலியை விரித்தேன். மேற்கே நல்ல உயரத்தில் சனி தெரிந்தது. அக்கம்பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் இல்லாததால் அடையாளம் காண்பது சுலபம்.

கருவியை உயிர்ப்பித்தேன். சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்காதே, கண் போய்விடும் என்று முதலில் எச்சரித்தது. நல்ல பழக்கம். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது. எந்த ஊர்? தீர்க்கரேகை, அட்சரேகை கொடுத்தேன். எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கிழக்கே 78 டிகிரி 49 கலை, வடக்கே 10 டிகிரி 23 கலை என்று புதுக்கோட்டைக்கு உள்ளதையே கொடுத்தேன். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வித்தியாசத்தால் பெரிய பாதகம் இல்லை. நேர மண்டலம்? கூட்டல் ஐந்தரை மணி. தேதி? 07/01/2026. மணி? 19:05. கோடைக்கால நேரம் உண்டா? இல்லை.

"இரண்டு நட்சத்திரங்களைக் காட்டு" என்றது.

இது ஏன் என்று இளைய நண்பர்கள் கேட்பார்கள். பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒரே ஒரு குண்டூசியால் குத்திப் பாருங்கள். தாள் அந்த ஊசியைச் சுற்றி ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது ஊசி குத்தினால்தான் நிற்கும். தொலைநோக்கியின் நினைவில் வானத்தின் வரைபடம் முழுவதும் இருக்கிறது. ஆனால் அந்த வரைபடம் உங்கள் மொட்டைமாடிக்கு மேலே எந்தப் பக்கமாகத் திரும்பி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டு நட்சத்திரங்களை நாம் காட்டினால், இரண்டு ஊசி குத்தினது போல வரைபடம் வானத்தோடு பொருந்திவிடும்.

முதல் நட்சத்திரமாக அது சொன்ன பெயர் ஆன்டாரெஸ். நம் ஊர்க் கணக்கில் கேட்டை.

ஆன்டாரெஸ் சிவப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிழக்கே பார்த்தேன். செக்கச்செவேலென்று ஒரு நட்சத்திரம். ஆகா, இதுதான் என்று குழலை அங்கே திருப்பி, நடுவில் வைத்து எண்டர் அடித்தேன். அடுத்து ஆர்க்டுரஸ், நம் சுவாதி. கருவி தானாகவே விர்ரென்று திரும்பி வடக்கே உச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே வெறும் இருட்டு. பக்கத்தில் ஏதோ ஒரு மங்கலான நட்சத்திரத்தை நடுவுக்கு இழுத்து எண்டர் அடித்தேன். ‘தோல்வி’ என்றது. திரும்பச் செய்தேன். திரும்பவும் தோல்வி. சரி, இதெல்லாம் கிடக்கட்டும் என்று சனியைத் தேடச் சொன்னேன்.

"அடிவானத்துக்குக் கீழே" என்று எழுத்து வந்தது.

சனியோ என் கண்ணெதிரே மேற்கில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். காபி எடுத்துக்கொண்டு மேலே வந்த என் மனைவி, கையில் இருந்த கருவியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுக்குத் தொலைநோக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"என்னங்க, இது ஜூலை மாசம் ஒண்ணாந்தேதினுல்ல போட்டிருக்கீங்க?"

"எங்க? ஏழாந்தேதி ஜனவரிதான போட்டேன்."

"அமெரிக்காக்காரன் மாசத்தத்தான் மொதல்ல எழுதுவான். பாப்பா திரும்பிப் போற தேதிய 01/04னு வாட்ஸாப்புல அனுப்பியிருந்தா. நான் ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் இருப்பான்னு நெனச்சு ரெண்டு நாளு சந்தோஷமா இருந்தேன். அப்புறம்தான் ஜனவரி நாலுன்னு தெரிஞ்சுச்சு."

அதைச் சொல்லிவிட்டுக் காபியை வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். அவள் ஏன் அந்த இரண்டு நாளைப் பற்றி என்னிடம் அப்போது சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

நடந்தது புரிந்தது. ஜூலை 1-ஆம் தேதி சாயங்காலம் வானம் எப்படி இருக்குமோ அதை மனதில் வைத்துக்கொண்டு கருவி வேலை செய்திருக்கிறது. ஜூலை மாலையில் கேட்டை தென்கிழக்கில் இருக்கும். மார்கழியிலோ அது விடியற்காலையில், வாசலில் கோலம் போடும் நேரத்தில்தான் எழும்பும். நான் சிவப்பாக இருக்கிறதே என்று காட்டியது திருவாதிரையை! ஆருத்ரா தரிசனம் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் திருவாதிரையைக் கேட்டை என்று அறிமுகம் செய்து வைத்தவன் ஒரு இயற்பியல் ஆசிரியன். இதை நீங்கள் வெளியே சொல்ல வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. 13-ஆம் தேதிக்குப் பிறகு இந்தத் தவறைச் செய்திருந்தால், பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்று கருவியே மறுத்திருக்கும். 12-ஆம் தேதி வரை நாம் சொல்வதை அப்படியே நம்பும். நம்பி, முழுத் தைரியத்தோடு தப்பான இடத்தைக் காட்டும்.

தேதியைத் திருத்தினேன். இப்போது சரியான நட்சத்திரங்களைக் கேட்டது. ஆனால் பாதியில் திரை மங்கியது, குழல் முக்கி முனகியது, திடீரென்று எல்லாம் அணைந்து முதலில் இருந்து "எந்த ஊர்?" என்று ஆரம்பித்தது. அன்றைக்கு அதோடு சரி. அடுத்த நாட்களில் மேகம்.

*

பொங்கலுக்கு முன்னால், அந்த மேகமூட்ட நாட்களில் ஒருநாள், கடைத்தெருவில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனைப் பார்க்கப் போனேன். பெயர் வேண்டாம் என்றான், அதனால் எழுதவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கேட்டான்:

"சார், எதுல ஓடுது?"

"எட்டு பென்சில் பேட்டரி."

"ரெண்டு மோட்டார இழுக்கணும்ல சார். மோட்டார் கெளம்பும்போது வோல்டேஜ் எறங்கும். எறங்குனா கம்ப்யூட்டர் மறந்துபோகும். பன்னெண்டு வோல்ட் பேட்டரி ஒண்ணு நான் எடுத்துட்டு வர்றேன். பொங்கலுக்குக் கடை லீவுதான், காணும் பொங்கலன்னைக்கு வரட்டா?"

"வாப்பா."

"சனி தெரியுமா சார் அதுல? பாப்பாவையும் கூட்டிட்டு வர்றேன். ஒம்பதாவது படிக்குறா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "நீங்க கொடைக்கானல்ல பாத்தேன்னு சொன்னீங்கள்ல சார்."

மூன்றாவது பெஞ்ச்.

வீட்டுக்கு வந்ததும் சனியின் வளையத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகு அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

சனி சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் இருபத்தொன்பதரை வருடம் ஆகிறது. நம் ஊர் ஜோசியத்தில் ஒரு ராசிக்கு இரண்டரை வருடம், பன்னிரண்டு ராசிக்கு முப்பது வருடம் என்று வைத்திருப்பது இதைத்தான். முப்பது வருடம் வாழ்ந்தவரும் இல்லை, தாழ்ந்தவரும் இல்லை என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தக் கணக்குதான். சனியின் வளையம் அதன் சுற்றுப்பாதைக்குச் சாய்வாக இருக்கிறது. அதனால் ஒரு சுற்றில் சில வருடங்கள் வளையம் 27 டிகிரி அளவுக்குச் சாய்ந்து அகலமாகத் தெரியும். சுற்றில் இரண்டு கட்டங்களில் விளிம்பு நமக்கு நேராக வந்துவிடும். வளையத்தின் விட்டம் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் தடிமன் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். தாளை விளிம்பு பக்கமாகப் பார்த்தால் எப்படியோ அப்படி, வளையம் காணாமல் போய்விடும்.

1610-இல் கலிலியோ சனியைப் பார்த்தபோது நடுவில் ஒன்றும் இரண்டு பக்கமும் இரண்டுமாக மூன்று உருண்டைகள் இருப்பதாக நினைத்தார். 1612-இல் பார்த்தால் பக்கத்தில் இருந்த இரண்டையும் காணோம். குழம்பிப்போனார். அது ஒரு வளையம் என்று 1650-களில் ஹைகன்ஸ் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் புதிர் விடுபட்டது.

வளையத்தின் விளிம்பு பூமிக்கு நேராக வந்த சமீபத்திய நாள் 2025 மார்ச் 23. இந்த ஜனவரியிலும் சாய்வு ஓரிரு டிகிரிதான்.

அதற்கு முந்தையது 2009. அதற்கும் முந்தைய கட்டம் தொடங்கியது?

1995 மே 22.

நான் ‘கொடைக்கானலில் பார்த்தேன்’ என்று சொன்ன அதே மே மாதம். உண்மையிலேயே அன்று யாராவது எனக்குச் சனியைக் காட்டியிருந்தால், நான் வளையமே இல்லாத ஒரு உருண்டையைத்தான் பார்த்திருப்பேன். தொப்பி விளிம்பாவது, அகலமாவது! பொய் சொல்வதற்கு முப்பது வருடத்தில் எத்தனையோ மாதங்கள் இருக்க, சரியாக அந்த மாதத்தையா நான் தேர்ந்தெடுக்க வேண்டும்?

*

ஜனவரி 17. காணும் பொங்கல். சனிக்கிழமை. மறுநாள் தை அமாவாசை என்பதால் நிலா தொந்தரவு இல்லை.

மத்தியானமே ஆரம்பித்துவிட்டேன். குழலின் மேல் சிவப்புப் புள்ளி காட்டும் ஒரு சின்னக் குறிபார்க்கும் கருவி இருக்கிறது. அது காட்டும் இடமும் குழல் பார்க்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை இருட்டில் செய்வது கஷ்டம். பகலில், தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை வைத்துச் செய்வதுதான் சுலபம். சூரியனுக்கு எதிர்ப்புறம் இருந்த ஊராட்சித் தண்ணீர் தொட்டியின் உச்சியைக் குழலில் நடுவில் வைத்தேன். சிவப்புப் புள்ளியையும் திருகித் திருகி அங்கேயே கொண்டு வந்தேன். பிறகு கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை வைத்து முக்காலியைச் சமன் செய்தேன்.

ஆறேகாலுக்கு அவன் வந்தான். ஒரு கையில் பேட்டரி, இன்னொரு கையில் கரும்பு. கூடவே மகள், பாவாடை தாவணியில், ஒரு நோட்டும் பேனாவுமாக.

இருட்டியதும் தொடங்கினோம். 01/17 என்று மாதத்தை முதலில் அடித்தேன். முதல் நட்சத்திரம் கபெல்லா, வடகிழக்கில். இரண்டாவது ரிகெல், ஓரையன் வேட்டைக்காரனின் கால். இரண்டும் வானத்தில் நன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கின்றன. உச்சியிலும் இல்லை, தரையை ஒட்டியும் இல்லை. இப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவரும்போது கடைசியாக அழுத்தும் பொத்தான்கள் மேல், வலது என்ற இரண்டாக மட்டுமே இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவன்தான் சொன்னான்.

"கியர்ல பிளே இருக்கும்ல சார். ரெண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி நிறுத்துனா பல்லு எந்தப் பக்கம் முட்டிக்கிட்டு நிக்குதுன்னு தெரியாது. எப்பவும் ஒரே பக்கமா தள்ளி நிறுத்துனா கரெக்டா இருக்கும்."

முப்பது வருடத்துக்கு முன்னால் நான் பாடம் சொன்ன பையன் எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

‘வெற்றி’ என்றது கருவி. சனி என்று அழுத்தினேன். குழல் கிழக்கில் இருந்து மேற்குக்கு நிதானமாகத் திரும்பியது. பேட்டரி வலுவாக இருந்ததால் முனகல் இல்லை. நின்றது. ‘பீப்’ என்றது.

கீழே இருந்து என் மனைவி படி ஏறி வந்தாள். "சனியவா நேருக்கு நேர் பாக்கப் போறீங்க? கோயில்லயே சனீஸ்வரன் முன்னாடி நேரா நிக்காம ஒதுங்கி நின்னுதான கும்பிடுறோம்" என்றாள். நான் தொலைநோக்கியைக் காட்டினேன். குழல் மேற்கே பார்க்கிறது. கண்ணருகு வில்லையோ செங்கோணத்தில் திருப்பி வைத்த ஆடி வழியாக மேல்நோக்கி இருக்கிறது. "நேரா எங்க பாக்குறோம்? ஒதுங்கி நின்னுதான் பாக்கணும்" என்றேன். அவளுக்குத் திருப்தி.

முதலில் நான் குனிந்தேன். 10 மில்லிமீட்டர் வில்லை, 150 மடங்கு.

வெண்ணெய் நிறத்தில் சின்னதாக ஒரு உருண்டை. முதலில் அது மட்டும்தான். கண் பழகப் பழக, உருண்டையின் இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய கோடு. முத்தில் ஊசி கோத்த மாதிரி. தள்ளி ஒரு புள்ளி, டைட்டன் என்ற அதன் பெரிய நிலவு.

என் கரும்பலகைப் படம் போல அது கொஞ்சமும் இல்லை. எத்தனை நூறு முறை வரைந்திருப்பேன்! அறுபத்தைந்து வயதில் முதன்முறையாகப் பார்க்கிறேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு படம் கலங்கியதால் நகர்ந்துவிட்டேன்.

அவன் குனிந்தான். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு குனிந்தபடியே கேட்டான்.

"சார், வளையம் தொப்பி விளிம்பு மாதிரி அகலமா இருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

நண்பர்களே, அந்த நொடியில் என் கையில் ஒரு அருமையான பதில் இருந்தது. ‘வளையத்தோட சாய்வு மாறிக்கிட்டே இருக்கும்பா. அப்ப அகலமா இருந்துச்சு, இப்பக் கோடாயிருச்சு.’ அறிவியல்படி முதல் வாக்கியம் முழு உண்மை. 1995-இல் வளையம் எப்படி இருந்தது என்று அந்த மொட்டைமாடியில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இவ்வளவு கச்சிதமான உண்மை யாருக்கும் கிடைக்காது.

"நான் பாக்கலப்பா" என்றேன். "கொடைக்கானல் போனேன். ஆனா சனிய பாக்கல. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். இன்னைக்குத்தான் மொத தடவயா பாக்குறேன்."

அவன் நிமிர்ந்தான். இருட்டில் முகம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கல்யாணமான புதுசுல கொடைக்கானல் போனோம் சார். அப்சர்வேட்டரி பக்கம் கூட்டிட்டுப் போயி, எங்க சார் இங்கதான் சனிய பாத்தாருன்னு அவகிட்டச் சொன்னேன். நாங்க போனது பகல்ல. சாயங்காலம் பஸ்ஸு. கெளம்பி வந்துட்டோம்."

அவ்வளவுதான் சொன்னான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என் பொய் என்னோடு வகுப்பறையிலேயே கிடந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது அவனோடு கொடைக்கானல் வரை போய், அவன் மனைவியிடமும் சொல்லப்பட்டு, திரும்பி வந்திருக்கிறது.

பிறகு அவன் மகளைக் கூப்பிட்டான்.

"பாப்பா, வா. நல்லாப் பாரு. ஊசி மாதிரி கோடு தெரியுதா? அதான் வளையம். சாரும் இன்னைக்குத்தான் மொத தடவ பாக்குறாரு."

அந்தப் பெண் ஐந்து நிமிடம் பார்த்தாள். நோட்டைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் வரைந்தாள். ஒரு சின்ன வட்டம், நடுவே ஒரு கோடு, தள்ளி ஒரு புள்ளி. மேலே 17-01-2026 என்று தேதி போட்டாள். அந்தப் படத்தில் அவள் பார்க்காதது எதுவும் இல்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முன் இன்னொன்றும் காட்டினேன். கிழக்கே எழும்பியிருந்த வியாழனையும் அதன் நான்கு நிலவுகளையும் பார்த்த பிறகு, 25 மில்லிமீட்டர் வில்லையைப் போட்டு ரிகெலை நடுவில் வைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னேன். நட்சத்திரம் மெல்ல மெல்ல ஊர்ந்து, இரண்டு நிமிடத்துக்குள் ஓரத்தில் போய் மறைந்தது. "நட்சத்திரம் எங்க தாத்தா போகுது?" என்றாள். "அது போகல. நாமதான் சுத்துறோம். நம்ம மாடி, நீ, நான், தண்ணித் தொட்டி எல்லாம்" என்றேன். நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. பூமி சுற்றுகிறது என்று 33 வருடம் சொல்லிக்கொடுத்தேன். சுற்றுவதைக் கண்ணால் பார்த்தது இந்தத் தை மாதத்தில்தான்.

*

தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக:

1. குறிபார்க்கும் கருவியைப் பகலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். குழலைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள்.

2. முக்காலியை ரசமட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள்.

3. தேதியில் மாதம் முதலில் வருகிறதா என்று பாருங்கள். நேரம் இந்திய நேரமே போதும், மண்டலம் கூட்டல் ஐந்தரை. கோடைக்கால நேரம் நமக்கு இல்லை.

4. உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த நட்சத்திரத்தை மட்டும் காட்டுங்கள். ‘இதுவாகத்தான் இருக்கும்’ என்று எண்டர் அடிக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் அதை விட்டுவிட்டு வேறு நட்சத்திரம் கேளுங்கள், கருவி கோபித்துக்கொள்ளாது.

5. கடைசி நகர்த்தல் மேல், வலது. கியர் பிளே.

6. நல்ல 12 வோல்ட் மின்கலம் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மெக்கானிக் மாணவன் ஒருவனைத் தேடிக்கொள்ளுங்கள்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்றே ஒன்று. பிள்ளைகள் "நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டால், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரு நிமிட வெட்கம்தான். நான் முப்பது வருடம் பட்டேன்.

1995 ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள். பிப்ரவரி முதல் பாதி வரை சாயங்காலம் மேற்கே சனி தெரியும். அப்புறம் சூரியனின் பக்கம் போய்விடும். அதற்குள் வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வரும் வருடங்களில் வளையம் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். தொப்பி விளிம்பு மாதிரி ஆகும்போது நானே இங்கே எழுதுகிறேன். அப்போது பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் சார், அடுத்த வாரம் பாப்பாவோட பிரண்ட்ஸ் நாலு பேரு வர்றாங்களாம்" என்றான்.

முறுக்கு சுடச் சொல்லியிருக்கிறேன்.